அம்மாவுக்கு ஒரு பிளேயர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர்க் கிடங்கில் நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் இருமல் என்றிருந்தாய். நிஜமாகவே நின்றுவிட்டதா, இல்லை நாங்கள் கேட்டதும் நின்றுவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் போன் வந்தால் ஸ்பீக்கரைப் போடச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அவள் இல்லாத நேரம் பார்த்துப் பேசினாலோ உனக்கும் எனக்கும் சண்டை வந்துவிடும். காகிதத்தில் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கு அது வசதி.

அப்பா எடுத்த வீடியோ கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பதறிப்போய் ஸ்டுடியோக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் நம் டி.வி. அதை ஏற்க மாட்டேன் என்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் மீடியா பிளேயர் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். டிஸ்கை அதில் செருகி, அதை டி.வி.யில் மாட்டினால் கம்ப்யூட்டர் இல்லாமலே பார்க்கலாமாம். இங்கே கடையில் விசாரித்தால், விற்கிறவனுக்கே அந்தப் பெட்டிக்குத் தலை எது வால் எது என்று தெரியவில்லை. நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சின்னத் துண்டுப் படத்தைப் பென் டிரைவில் போட்டு இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டியில் ஓடுகிறது என்று போட்டுப் பார்.

அம்மா தினமும் "உங்கப்பாவப் போடுடி" என்கிறாள். அப்பா ஒரு படத்திலும் கிடையாது என்பது உனக்கே தெரியும். காமிரா அவர் கையை விட்டு இறங்கினதே இல்லை. இருக்கிறதெல்லாம் அவர் பேச்சு மட்டும்தான். ஆனாலும் அவள் அப்படித்தான் கேட்கிறாள்.

இன்னொன்று. அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டும். போனில் உன்னிடம் இதைச் சொல்ல மாட்டாள், கேட்டால் "அவனுக்கு அங்க ஆயிரம் வேலை" என்பாள். அதனால் நான் சொல்கிறேன். இந்த வருடமாவது வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள மேஸ்திரி அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமல் நிஜமாகவே நின்றுவிட்டது, அறையில் கூட இருக்கும் வெல்டர் சாட்சி. அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? நீ ஃபேக்டரியிலிருந்து வருகிற வரை பட்டினி கிடக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா?

லீவு நாளில் வெல்டரையும் இழுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவைச் சல்லடை போட்டுச் சலித்தேன். மூன்று ரகம் இருக்கிறது. ஒன்று, டிஸ்கை இழுப்பறை மாதிரி உள்ளேயே தள்ளி மூடிக்கொள்ளலாம். ஆனால் சூடாகாமல் இருக்க உள்ளே ஒரு குட்டி ஃபேன் ஓடுகிறது. நாள் முழுக்க ஃபேன் இரைச்சலில் கிடக்கிறவன் நான், அம்மாவுக்கும் அந்தக் கொடுமை எதற்கு? இரண்டாவது, உள்ளங்கை அளவுப் பெட்டி. டிஸ்க் வெளியே வயரில் தொங்கும். பார்த்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது. மூன்றாவதுதான் ராஜா. ஃபேன் கிடையாது, சத்தமே வராது. படத்தைத் துடைத்து வைத்த மாதிரி காட்டும். பழைய கேசட்டில் விழுந்த கோடு, புள்ளி எல்லாவற்றையும் அதுவே அழுத்திச் சரிசெய்யும். கடையில் ஒரு மழைக் காட்சியைப் போட்டுக் காட்டினான், வெல்டர் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

உன் அபிப்பிராயம் எழுது.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிடங்கில் புதிதாக இரண்டு அறை திறக்கிறார்கள். கம்ப்ரசர் எல்லாம் புதுசு, அதன் குணம் எனக்கே இன்னும் பிடிபடவில்லை. நான் கிளம்பிப்போய் இங்கே மீனும் மருந்தும் உருகி ஓடினால் என்னை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த வருடம் கண்டிப்பாக வருகிறேன். அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நன்றாக இருப்பது தெரிந்து சந்தோஷம். இங்கே எல்லாம் வழக்கம்போல. அம்மா பட்டினி கிடப்பதில்லை, ஆனால் நான் எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

நீ எழுதினதில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதி எனக்கு வேண்டியதில்லை. அம்மாவுக்கு எது வேண்டும் என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். நாள் முழுக்கச் சட்டைப் பட்டனைத் தடவிப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிறவள் நான். ரிமோட்டில் பட்டன்கள் மேடாக இருக்க வேண்டும். விரல் வைத்ததும் இது ஓட, இது நிற்க என்று கைக்கே தெரிய வேண்டும். எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பெட்டியைப் போட்டதும் படம் தானாக ஓட வேண்டும். திரையில் வரிசை வரிசையாக வந்து நின்று எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று கேட்கக் கூடாது. நான் வேலைக்குப் போன பிறகு அவள் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டாமா? சத்தம் கணீரென்று வர வேண்டும். படம் எப்படி இருந்தாலும் சரி.

கடிதத்தோடு நீ அனுப்பிய உன் போட்டோ வந்தது. அம்மா வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீயே போனில் சொல்லிக்கொள்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இந்தப் பார்சலைக் கட்டுகிறேன்.

படம் எப்படி இருந்தாலும் சரியா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று உன்னை நினைத்துச் சிரித்துவிட்டு ராஜாவையே வாங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எத்தனை வருடமாயிற்று, நான் அம்மாவுக்கென்று உருப்படியாக ஒன்றும் அனுப்பியதில்லை. அனுப்புகிற ஒன்று நல்லதாக இருக்கட்டுமே. பென் டிரைவில் நீ அனுப்பிய துண்டுப் படத்தை வெல்டரின் டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். நீ இரட்டைப் பின்னலோடு சைக்கிளில் வருகிறாய், நான் பின்னாலேயே ஓடி வந்து விழுகிறேன். என் முழங்காலில் மண் ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. ரிமோட் கொஞ்சம் வழவழப்பு. இரண்டு நாளில் அம்மாவுக்குப் பழகிவிடும்.

போட்டோவைப் பற்றி அம்மா போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லா குண்டாயிட்டடா, பாக்கவே நிறைவா இருக்கு" என்றாள். நானோ இளைத்துப்போய் பெல்ட்டில் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டிருக்கிறேன். வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தான். பெற்றவள் கண்ணே கண்!

படம் பார்த்துவிட்டு உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது.

படம் நீ சொன்ன மாதிரி பளிங்குதான். ஆனால் ஊமை. ஒரு கேசட்டில்கூடச் சத்தம் வரவில்லை. வயரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன், டி.வி. சத்தத்தைப் பக்கத்து வீட்டுச் சுவர் அதிர வைத்துப் பார்த்தேன், ம்ஹூம். ஸ்டுடியோக்காரர் வந்து பார்த்துவிட்டு, அப்பாவின் காமிரா பதிவு செய்த பழைய வகைச் சத்தத்தை இந்தப் பெட்டி படிக்காது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அம்மா தலை வாரிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் "இன்னும் போடலையாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நான் சத்தம் என்று எழுதினேன், நீ படம் வாங்கி அனுப்பியிருக்கிறாய். அங்கே போட்டுப் பார்த்தேன் என்றாயே, சத்தம் வரவில்லை என்பது உன் காதில் விழவில்லையா? அப்பா அந்தக் கேசட்டில் வேறு எங்கே இருக்கிறார், சொல்.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் ஆறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். அம்மா எப்படி இருக்கிறாள்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வெல்டரின் டி.வி.யில் போட்டுப் பார்க்கும்போது நான் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். படம் மட்டும்தான் பார்த்தேன். அப்பா பேசுவார் என்று தெரியும். கேட்க முடியாது என்று தோன்றியது. அவர் போனபோது நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் காதில் அவர் இன்னும் நம் ஊர் பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதை அப்படியே விட்டுவைக்க நினைத்தேன். அதனால் ஊமைப் பெட்டியை ஊமை என்று தெரியாமல் வாங்கிவிட்டேன்.

இந்தத் தடவை அந்த சோப்பு டப்பாவை அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் அற்பம். ஆனால் கடைக்காரன் சத்தியம் பண்ணுகிறான், எந்தக் காலத்துச் சத்தமாக இருந்தாலும் படிக்குமாம். நான் நம்பவில்லை. வெல்டரை விட்டுக் கேட்கச் சொன்னேன். நான் வராந்தாவில் நின்றுகொண்டேன். "வருதுடா, ஒரு பெரியவர் ரேடியோ மாதிரி பேசறார்" என்று உள்ளிருந்து கத்தினான். ரிமோட்டில் ரப்பர் பட்டன், ஒவ்வொன்றும் ஒரு கடலை அளவு. நீ சொன்ன மாதிரி போட்டதும் ஓடும்.

கடிதமெல்லாம் நீதான் படித்துக் காட்டுகிறாயாமே. அம்மாவின் கண்ணாடிக்கு என்ன ஆயிற்று? உடைந்திருந்தால் மாற்றிக் கொடு.

தம்பி


ஜூன் 6

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

கோபமெல்லாம் போய்விட்டது, அதனால்தான் பழைய பேர். நாங்கள் நலம். உன் சோப்பு டப்பா நீடூழி வாழ்க.

தம்பி, அப்பா வந்துவிட்டார். பெட்டியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அவர்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! நமது இளவரசர் சட்டைப் பட்டனை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக உள்ளார். அவரிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்" என்கிறார். நீ சின்னப் பயலாக விறைத்துக்கொண்டு நிற்கிறாய். நான் குலுங்கிச் சிரிக்கிறேன். அதற்குப் பிறகு காமிரா சமையலறைக்குள் போகிறது. "இந்த வீட்டின் தலைமை அதிகாரி எங்கே இருக்கிறார்?" என்று கேட்கிறார். "எடுக்காதீங்க, தலையெல்லாம் கலைஞ்சிருக்கு" என்று கேசட்டில் அம்மா சொல்வதற்கு முன்னாலேயே, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நம் அம்மா "இங்கதான் இருக்கேன்" என்றாள். பிறகு அழுதாள். நானும்தான்.

நான் வேலைக்குக் கிளம்பினதும் போட்டுக்கொள்கிறாள். நான் வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் அப்பா தும்முவார் என்பது வரைக்கும் மனப்பாடம். ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

நேற்று கேட்டாள், "அவனும் ஒரு காமிரா வச்சிருக்கானாமே. இப்ப அவன் எப்படி இருக்கான்னு எடுத்து அனுப்பச் சொல்லேன்." உன்னைச் சின்னப் பிள்ளையாகவே எத்தனை நாள் ஓட்டுவது? எடுத்து அனுப்பு. வந்தால் இன்னும் நல்லது, அது உன் இஷ்டம்.

கண்ணாடி மாற்றலாம். பார்க்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஒரு கம்ப்ரசர் படுத்துவிட்டது, அதற்குப் பிரசவம் பார்த்து எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அம்மாவும் நீயும் சுகம்தானே?

இதோ டிஸ்க். ஒரு லீவு நாள் பூராவும் எடுத்தேன். நான் படுக்கிற கட்டில், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரியும் துணி காயும் மாடிகள், நான் பஸ் ஏறும் இடம், கிடங்கு, பனி படிந்த கதவு, உள்ளே உத்தரம் வரைக்கும் அடுக்கிய பெட்டிகள் எல்லாம் இருக்கிறது. காமிராவைக் குளிருக்குள் கொண்டுபோக அதற்கு என் தொப்பியைப் போட்டேன், நான் காது விறைக்க நின்றேன். மெஷின் இரைச்சல் காதைக் கிழிக்கும் என்று வெல்டர் பின்னால் ஒரு நல்ல வயலின் இசையைச் சேர்த்துக் கொடுத்தான்.

படம் துல்லியமாக இருக்கும். அம்மாவை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல். நான் இருக்கிற இடத்தை அவள் பார்த்தால், இங்கே ஒரு தடவை வந்துபோன மாதிரி எனக்கு இருக்கும்.

தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

டிஸ்க் வந்தது. போட்டுப் பார்த்தோம். நன்றாக இருந்தது.

ஃபேக்டரியில் ஓவர்டைம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சரியில்லையா உனக்கு? இல்லை, அம்மாவுக்கா? என்னிடம் மறைக்காதே.

ஒரு நாள் முழுக்க எடுத்த படத்துக்கு "நன்றாக இருந்தது" என்று ஒரே வரி. ரிமோட்டைப் பற்றி நீ இதைவிட அதிகமாக எழுதியிருக்கிறாய். அம்மா என்ன சொன்னாள்? ஜன்னலைப் பார்த்தாளா? கட்டில் விரிப்பு அழுக்கு என்று திட்டினாளா? போனில் கேட்டால் "எல்லாம் பாத்தேன்டா, ரொம்ப நல்லாருக்கு" என்கிறாள். எது நன்றாக இருந்தது என்றால், "பாட்டு" என்கிறாள். நான் அங்கே என்ன பாட்டுக் கச்சேரியா அனுப்பினேன்?

அக்கா, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதலில் நான் பேசிக்கொண்டேதான் எடுத்தேன். இது என் கட்டில், இது என் ஜன்னல் என்று. சாயங்காலம் திரும்பப் போட்டுக் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேச்சு என்னுடையது இல்லை, அப்பா பேசுகிறார். அந்த இழுப்பு, நடுவில் ஒரு செருமல், எல்லாம் அவரேதான். என் தொண்டைக்குள் அவர் எப்போது வந்து உட்கார்ந்தார் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா கேட்டால் தாங்கமாட்டாள் என்று சத்தத்தை முழுக்க அழித்துவிட்டு வயலினைப் போடச் சொன்னேன். மெஷின் இரைச்சல் என்று உனக்கு எழுதினது பொய்.

நீயும் உண்மையை எழுது.

தம்பி


அக்டோபர் 21

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நான் இத்தனை நாளாக மறைத்துவிட்டேன். அம்மாவின் கண்ணாடி உடையவில்லை. கண்ணாடியால் ஆகிற காரியம் எதுவும் மிச்சமில்லை. அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. விழிக்குள் தேய்ந்துகொண்டே வருகிறது, போனது போனதுதான் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற கொஞ்சமும் எவ்வளவு நாள் நிற்கும் என்று அவருக்கே தெரியவில்லை. உன் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாளே, அது அவளுக்கு வெறும் அட்டை. குண்டாகிவிட்டாய் என்று போனில் சொன்னது உன்னைச் சந்தோஷப்படுத்த.

உனக்கு எழுதக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "தெரிஞ்சா மறுநாளே ஓடி வந்துடுவான். அப்படி வர வேண்டாம். அவன் என் கண்ணப் பாக்க வரக் கூடாது, என்னப் பாக்க வரட்டும்" என்றாள். வீம்புதான், நீ யாரிடமிருந்து கற்றுக்கொண்டாய் என்று நினைக்கிறாய்? நீயாக வருவாய் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம். நீ பெட்டி பெட்டியாக அனுப்பினாய்.

உன் டிஸ்க் வந்த அன்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வயலின் ஆரம்பித்தது. "நல்லாருக்கு. அவன் எப்ப வருவான்?" என்றாள். படத்தில் வருவதைத்தான் கேட்டாள். நான் திரையைப் பார்த்தேன். கட்டில் வந்தது, ஜன்னல் வந்தது, கதவு வந்தது. நீ வரவே இல்லை. ஒரே ஒரு இடத்தில் பஸ் கண்ணாடியில் உன் முழங்கை வந்து போயிற்று. அப்பா பிள்ளை என்பதை அப்படியா நிரூபிக்க வேண்டும்? "இதோ வரான்மா, இதோ பேசப் போறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வயலின் நின்றது. "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். "வேலை ஜாஸ்தி போல அவனுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீ பயந்து அழித்தாயே, அந்தப் பேச்சு ஒன்றைத்தான் அவள் கேட்டிருப்பாள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். பாவம் எனக்கு வரட்டும். நீ வரவேண்டும் என்று நான் இனி எழுத மாட்டேன்.

அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ பையில் வைத்துக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் கிடங்குக்குள் போகிறேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, போன வாரம்தானே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாள்?

உன் அக்டோபர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் மறுபடியும் ஏதாவது சாக்கு எழுதிவிடுவேன் என்று பயந்து, லீவுக்குக் கையெழுத்து வாங்குகிற வரை பேனாவையே தொடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து நீ வந்து, என் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, "அம்மா உன்னப் பாத்ததும் என்னடா சொன்னா?" என்று கேட்டாய். "ஒண்ணும் சொல்லல" என்றேன். வாயால் சொல்ல வரவில்லை அக்கா. இப்போது எழுதுகிறேன்.

நான் வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டி.வி. ஓடவில்லை. வழியெல்லாம் என்னென்னமோ வசனம் யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோய் "கதவத் தாழ்ப்பாள் போடாம உக்காந்திருக்கியே" என்று மட்டும் சொன்னேன். அம்மா திடுக்கிட்டுப்போய் ரிமோட்டைத் தேடி எடுத்து, நிறுத்துகிற பட்டனை அமுக்கினாள். "போடவே இல்லையே, தானா எப்படி ஓடுது" என்று முணுமுணுத்தாள். மறுபடியும் அமுக்கினாள்.

"அம்மா, நான்தாம்மா" என்றேன். ரிமோட் அவள் கையிலிருந்து விழுந்துவிட்டது.

எழுந்திருப்பாள், கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம், இருக்காதா பின்னே என்று நினைத்தேன். சுற்றி வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றேன். உடனே இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் விடாமல் இந்தப் பக்கம் வந்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுடும்மா, ஒரு தடவை பாரும்மா" என்று அழுதுகொண்டே அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"எதுக்குடா இப்படி சுத்தி சுத்தி வர? ஒரு இடமா நில்லு" என்று அதட்டினாள். "நேரா வந்து நின்னா நீ மறைஞ்சுபோற. நடுவுல ஒண்ணுமே தெரியாதுடா எனக்கு. ஓரத்துலதான் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. இப்படித் திரும்பினாத்தான் நீ தெரியிற."

நான் நின்றேன். அம்மா முகத்தை நன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "இளைச்சுட்டியே" என்றாள். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தாள் என்று தெரியாது. தோளில் தொங்கின பையைக்கூட நான் கீழே வைக்கவில்லை, அசைந்தால் அவள் மறுபடியும் என்னைத் தேட வேண்டியிருக்குமே என்று.

உன் தம்பி